செங்கண்மாரியும் நம் உடலின் காவற்கலங்களும்: வன்னியில் என்னிடம் கேட்கப்படும் கேள்விகள்

நான் கிளிநொச்சிப் பக்கம் உயர்தர வகுப்புக்கு உயிரியல் படிப்பிக்கிறேன், டொக்டர் இல்லை. 2009 இல் செட்டிகுளம் இடம்பெயர்ந்தோர் முகாம்களில் ஹெப்பரைற்றிஸ் ஏ பரவியபோது என் தம்பிக்கும் வந்தது. தறப்பாள் கொட்டிலுக்குள் அவன் மஞ்சள் பூத்துக் கிடந்த அந்த மூன்று கிழமையும் அம்மா திரும்பத் திரும்பக் கேட்டது ஒன்றுதான்: "இவ்வளவு பெரிய வருத்தத்துக்கு ஏன் ஒரு மருந்து இல்லை?" அதற்குப் பதில் தேடப் போய்த்தான் இதையெல்லாம் வாசிக்கத் தொடங்கினேன். இப்போது ஊரில் யாருக்குக் கண் மஞ்சளாகினாலும் எனக்கு ஒரு போன் வரும். ஒரே கேள்விகள்தான் வருகின்றன, அதனால் ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன். கலம் என்று நான் எழுதுவது நம் பாடப்புத்தகச் சொல். தமிழ்நாட்டில் வாசிப்பவர்கள் செல் என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

செங்கண்மாரி, மஞ்சட்காமாலை, ஹெப்பரைற்றிஸ் எல்லாம் ஒன்றா?

முதல் இரண்டும் ஒன்று, மூன்றாவது வேறு. செங்கண்மாரி ஓர் அறிகுறி. பழைய செங்குருதிக் கலங்கள் உடையும்போது பிலிருபின் என்ற மஞ்சட் பொருள் வரும், அதை ஈரல்தான் பித்தத்தோடு வெளியேற்ற வேண்டும், ஈரல் அந்த வேலையில் சுணங்கினால் அது இரத்தத்தில் தேங்கிக் கண்ணின் வெள்ளையில் தெரியும். ஹெப்பரைற்றிஸ் என்பது ஈரல் அழற்சி. அதை உண்டாக்கும் முக்கியமான வைரஸ்கள் ஐந்து: ஏ, பி, சி, டி, ஈ. ஏயும் ஈயும் அழுக்குப்பட்ட தண்ணீர், சாப்பாடு வழியாக வரும். மற்ற மூன்றும் இரத்தம், உடலுறவு, பிரசவத்தில் தாயிடமிருந்து பிள்ளைக்கு என்ற வழிகளில்.

இங்கே ஒன்றைக் கட்டாயம் சொல்லவேண்டும். வயலுக்குள் இறங்கி வேலை செய்த ஒருவருக்குக் கடும் காய்ச்சலும் கெண்டைக்கால் நோவும் கண் சிவப்பும் வந்து பிறகு மஞ்சளும் வந்தால் அது எலிக்காய்ச்சலாக இருக்கலாம். அதற்கு அன்டிபயோட்டிக் வேண்டும், ஒரு நாள்கூடச் சுணங்கக்கூடாது. "செங்கண்மாரிதானே, தானாகப் போகும்" என்று வீட்டில் வைத்திருந்து உயிரை விட்டவர்கள் இருக்கிறார்கள். எது என்று இரத்தப் பரிசோதனைதான் சொல்லும், கண்ணின் நிறம் சொல்லாது.

வைரஸ் ஈரலைத் தின்பதால்தானே மஞ்சள் வருகிறது?

இல்லை. மற்ற எல்லாப் பதிலும் இதில்தான் தொங்குகிறது, அதனால் கொஞ்சம் பொறுமையாக வாசியுங்கள்.

ஹெப்பரைற்றிஸ் ஏ வைரஸ் உடலுக்குள் வந்து மஞ்சள் தெரிய 15 முதல் 50 நாள் எடுக்கும், பெரும்பாலும் நாலு கிழமை. அந்த நாலு கிழமையும் அது சும்மா இருக்கவில்லை, ஈரற்கலங்களுக்குள் பெருகிக்கொண்டே இருக்கிறது. மலத்தில் வைரஸ் உச்சத்தில் இருப்பது மஞ்சள் தெரிவதற்கு ஒன்றிரண்டு கிழமைக்கு முன்னர்தான். அதாவது உடம்பில் வைரஸ் நிறைந்து கிடக்கும் நாளில் ஆள் வயலில் நின்று வேலை செய்கிறார், கோயில் திருவிழாவுக்குப் போகிறார், ஒன்றும் தெரியவில்லை. அது குறையத் தொடங்கும் நாளில்தான் பாயில் விழுகிறார். வைரஸ்தான் ஈரலைத் தின்கிறது என்றால் இது தலைகீழாக அல்லவா நடந்திருக்க வேண்டும்? ஆய்வுகூடத்தில் வளர்த்த கலங்களில் இந்த வைரஸைப் போட்டால் பெரும்பாலும் கலங்கள் சாவதில்லை, வைரஸைச் சுமந்துகொண்டே உயிரோடு இருக்கின்றன.

ஈரற்கலங்களைக் கொல்வது நம்முடைய நிர்ப்பீடனக் கலங்கள், அதாவது நோயெதிர்ப்புக் கலங்கள். வைரஸ் புகுந்த கலத்தை அடையாளம் கண்டு அழிக்க அவை ஈரலுக்குள் இறங்குகின்றன, அந்த மோதலின் சேதம்தான் மஞ்சளும் களைப்பும் வாந்தியும். அதே கலங்கள்தான் வைரஸைத் துடைத்து நம்மைக் காப்பாற்றுவதும். அம்மாவின் கேள்விக்கு விடையும் இதுதான்: மருந்து உள்ளேயே வேலை செய்துகொண்டிருந்தது, நாங்கள் வெளியே பார்த்தது அந்த வேலையைத்தான்.

சரி, எந்தக் கலங்கள் என்ன செய்கின்றன?

முதல் வரிசை ஈரலிலேயே குடியிருப்பவை. குடலிலிருந்து வரும் இரத்தம் முழுவதும் ஈரலுக்குள்ளால்தான் போகும், எனவே அங்கே காவல் எப்போதும் கூட. கூப்பர் கலங்கள் என்ற விழுங்கிகள் இரத்தக்குழாய்ச் சுவரில் உட்கார்ந்து வருவதைப் பிடிக்கும். இயற்கைக் கொல்லிக் கலங்கள் உடலின் மற்ற இடங்களைவிட ஈரலில் மிக அதிகம். தொற்றிய கலமும் இன்டர்பெரோன் என்ற இரசாயனத்தை விட்டு அக்கம்பக்கத்துக் கலங்களை எச்சரிக்கும். வைரஸ்களும் இதைத் தெரிந்துதான் வருகின்றன: ஏ வைரஸ் இந்த எச்சரிக்கையைக் கொண்டுபோகும் புரதத்தையே வெட்டிவிடுகிறது, பி வைரஸ் எச்சரிக்கையைக் கிளப்பாமலே நுழைந்துவிடுகிறது. நாலு கிழமை அமைதிக்கு இதுவும் ஒரு காரணம்.

இரண்டாவது வரிசை ரி (T) கலங்களும் பி (B) கலங்களும். பெயரில் மட்டும்தான் பி, பி வைரஸ் வேறு. பி கலங்கள் பிறபொருளெதிரிகள் (antibody) என்ற புரதங்களைச் செய்யும். அவை இரத்தத்தில் மிதக்கும் வைரஸைப் பிடிக்கும், கலத்துக்குள் ஒளிந்ததைத் தொடமுடியாது. உள்ளே ஒளிந்ததைத் தேடிப் போவது சி.டி.8 ரி கலங்கள். இவை இரண்டு விதமாக வேலை செய்கின்றன. ஒன்று, தொற்றிய கலத்தை நேரே கொல்வது. மற்றது, இன்டர்பெரோன் காமா, ரி.என்.எஃப். போன்ற பொருட்களைச் சுரந்து, கலத்தைக் கொல்லாமலே அதற்குள் இருக்கும் வைரஸின் பெருக்கத்தை நிற்பாட்டுவது. இது எனக்கு மிகவும் பிடித்த விஷயம். ஈரலில் பெரும்பகுதிக் கலங்களுக்கு பி வைரஸ் தொற்றியிருக்கும்போது எல்லாவற்றையும் கொன்றால் ஆள் தப்பமாட்டார், கொல்லாமல் துடைக்க ஒரு வழி இருந்தே ஆகவேண்டும். 1999 இல் வெளிவந்த சிம்பன்சி ஆய்வில், ஈரற் சேதம் உச்சத்துக்கு வருவதற்கு முன்னரே பி வைரஸின் மரபுப்பொருளில் பெரும்பங்கு மறைந்துவிட்டதைக் கண்டார்கள்.

கொல்வதும் தேவைதான். 2003 இல் இன்னொரு சிம்பன்சி ஆய்வில் சி.டி.8 கலங்களை மட்டும் தற்காலிகமாக அகற்றிப் பார்த்தார்கள். வைரஸ் குறையவில்லை. ஈரற் சேதமும் வரவில்லை. அந்தக் கலங்கள் திரும்பி வந்தபோது இரண்டும் சேர்ந்தே நடந்தன: சேதமும் வந்தது, வைரஸும் போனது. நோயும் குணமும் ஒரே கையால் வருகின்றன என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்ட முடியாது.

சி.டி.4 ரி கலங்கள் நேரே சண்டைக்குப் போவது குறைவு, சி.டி.8 கலங்களையும் பி கலங்களையும் தூண்டி நடத்துவதுதான் அவற்றின் வேலை. சி வைரஸில் இவற்றின் அருமை தெரியும். சி.டி.4 உதவி தொடர்ந்து இருந்தால் வைரஸ் போகும், இடையில் தளர்ந்தால் அது தங்கிவிடும். சிகிச்சை இல்லாமல் ஆறு மாதத்துக்குள் சி வைரஸைத் தாமாகத் துடைப்பவர்கள் நூறில் 15 முதல் 45 பேர்தான், மற்றவர்களுக்கு அது நாட்பட்ட நோயாகிறது. நல்ல காலம், இப்போது 8 முதல் 12 கிழமைக் குளிசைகளில் நூறில் 95க்கு மேற்பட்டோருக்கு அது குணமாகிறது.

ஒரே கிணற்றுத் தண்ணீர்தான் குடித்தோம். தங்கச்சிக்கு லேசாகப் போனது, அண்ணை சாகக் கிடந்தார். ஏன்?

வயது ஒரு காரணம், அதை அடுத்த கேள்வியில் சொல்கிறேன். இன்னொன்று, சண்டைக்கு வருபவை எல்லாம் அந்த வைரஸைத் தேடி வருபவை அல்ல.

யானை வயலுக்குள் இறங்கிய இரவை நினைத்துப் பாருங்கள். தகரம் தட்டிக்கொண்டு, யானைவெடியோடு, பந்தத்தோடு ஊரே ஓடி வரும். யானை போய்விடும். விடிந்து பார்த்தால் யானை மிதித்தது கொஞ்சம், ஆட்கள் மிதித்தது அதைவிடக் கூட. ஹெப்பரைற்றிஸ் ஏயிலும் அப்படித்தான் நடக்கிறது என்று கொரிய ஆய்வாளர்கள் 2018 இல் காட்டினார்கள். தொற்றிய கலங்கள் இன்டர்லூகின் 15 என்ற பொருளை விடுகின்றன. அதன் வாசனைக்கு, எப்போதோ வந்துபோன வேறு வைரஸ்களை நினைவில் வைத்திருக்கும் பழைய சி.டி.8 கலங்களும் எழும்பி வருகின்றன. ஏ வைரஸை அவற்றுக்குத் தெரியாது. ஆனாலும் அருகில் கிடக்கும் ஈரற்கலங்களைக் கொல்கின்றன, அப்படி எழும்பியவற்றின் வேகம் கூடக்கூட ஈரற் சேதமும் கூடியிருந்தது.

இவர்களை அடக்கி வைக்கவும் ஒரு கூட்டம் உண்டு, ஒழுங்காக்கும் ரி கலங்கள். கடும் ஏ நோயில் அவை எண்ணிக்கையில் குறைந்துபோவதையும் கண்டிருக்கிறார்கள். மதுவும், ஏற்கெனவே உள்ள கொழுப்பு ஈரலும் இதற்கு மேல் சுமை.

பிள்ளைகளுக்கு லேசு, பெரியவர்களுக்குக் கடுமை என்கிறார்களே?

ஏயைப் பொறுத்தவரை உண்மை. ஆறு வயதுக்குக் கீழ்ப்பட்ட பிள்ளைகளில் பத்தில் ஒருவருக்குத்தான் மஞ்சள் வரும். பெரியவர்களில் பத்தில் ஏழுக்கு மேற்பட்டோருக்கு வரும். மேலே சொன்ன பழைய நினைவுக் கலங்கள் வயதோடு சேர்ந்துகொண்டே வருபவை, சின்னப் பிள்ளையிடம் குறைவு என்பதும் இதற்கு ஒரு காரணமாக இருக்கலாம்.

ஆனால் பி வைரஸில் இதே விஷயம் நேர்மாறாகிறது, இதைப் பலர் தவறாக விளங்கிக்கொள்கிறார்கள். வளர்ந்த, ஆரோக்கியமான ஒருவருக்கு பி தொற்றினால் மஞ்சள் வந்து படாதபாடு பட்டாலும் நூறில் 95 பேருக்கு மேல் வைரஸைத் துடைத்துவிடுவார்கள். பிறக்கும்போதே தாயிடமிருந்து தொற்றிய குழந்தைக்கு ஒரு அறிகுறியும் வராது, தாயும் நிம்மதியாக இருப்பாள், ஆனால் அப்படிப்பட்ட குழந்தைகளில் பத்தில் ஒன்பது பேரிடம் வைரஸ் நிரந்தரமாகத் தங்கி, பல பத்தாண்டுகளுக்குப் பிறகு ஈரற்சுருக்கமாகவோ புற்றுநோயாகவோ திரும்பி வரலாம். பச்சைக்குழந்தையின் நிர்ப்பீடனம் அந்த வைரஸோடு சண்டை பிடிப்பதில்லை. சண்டை இல்லை, அதனால் சேதமும் இல்லை, குணமும் இல்லை. தாய்மாரே, கிளினிக்கில் இரத்தம் எடுக்கும்போது பி பரிசோதனை பற்றிக் கேளுங்கள்.

எஸ்.ஜி.பி.ரி. 2000 என்று ரிப்போர்ட் வந்திருக்கிறது. ஆள் தப்புவாரா?

பெரும்பாலும் தப்புவார். எஸ்.ஜி.பி.ரி. ஈரற்கலத்துக்குள் இருக்கும் நொதியம், கலம் உடைந்தால் இரத்தத்துக்குள் கசியும். சாதாரணமாக 40 அளவில் இருப்பது, கடும் ஏ நோயில் ஆயிரங்களில் போகும். அந்த எண் இப்போது எவ்வளவு கலம் உடைகிறது என்று சொல்கிறது, மிச்சம் உள்ள ஈரல் எப்படி வேலை செய்கிறது என்று சொல்லாது. அதைச் சொல்வது இரத்தம் உறையும் நேரத்தைக் காட்டும் ஐ.என்.ஆர். எஸ்.ஜி.பி.ரி. சடாரென்று இறங்குகிறது என்று சந்தோஷப்படும்போதே ஐ.என்.ஆரும் பிலிருபினும் ஏறிக்கொண்டு போனால் அது ஆபத்து, உடைவதற்கு மிச்சக் கலமே இல்லை என்று அர்த்தமாகலாம். ஐ.என்.ஆர். சரியாக இருந்து, எஸ்.ஜி.பி.ரி. இறங்கிய பிறகும் பிலிருபின் மட்டும் சில நாள் ஏறினால் பயப்பட வேண்டாம், அது வழமை.

உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போகவேண்டிய நிலை எது?

நித்திரை குழம்பி, பகலில் தூங்கி இரவில் விழித்திருப்பது. ஆளை, இடத்தை மாற்றிச் சொல்வது, பேச்சு குழறுவது. முரசால் (பல் ஈறு), மூக்கால் இரத்தம், கண்டல் காயம். நிற்காத வாந்தி. வயிறு வீங்குவது. இதில் ஒன்று வந்தாலும் விடியும்வரை பார்த்திருக்காதீர்கள், இரவோடு இரவாகக் கொண்டுபோங்கள். ஏ நோயில் ஈரல் முற்றாகச் செயலிழப்பது நூறில் ஒருவருக்கும் குறைவு, ஆனால் அந்த ஒருவருக்கு மணித்தியாலங்கள்தான் கணக்கு.

கர்ப்பிணிக்கு மஞ்சள் தெரிந்தால் இந்த அறிகுறிகளுக்கும் காத்திருக்க வேண்டாம், அன்றே போகவேண்டும். ஈ வைரஸ் கடைசி மூன்று மாதக் கர்ப்பத்தில் மிகக் கொடியது. நூறில் 20, 25 பேர்வரை இறந்த பரவல்கள் பதிவாகியிருக்கின்றன.

நிர்ப்பீடனத்தைக் கூட்டும் பவுடர், டொனிக் கொடுக்கலாமா?

வேண்டாம். இந்த நோயில் நிர்ப்பீடனம் போதாமல் இல்லை, அது ஏற்கெனவே முழு வீச்சில் நிற்கிறது. கூடவே அந்தப் பவுடர்களில் என்ன இருக்கிறது என்று யாருக்கும் தெரியாது, உள்ளே போகும் ஒவ்வொன்றையும் அந்த நொந்த ஈரல்தான் உடைக்கவேண்டும்.

அப்படியென்றால் நிர்ப்பீடனத்தைக் குறைக்க ஸ்ரெரொயிட் கொடுக்கலாமே?

நல்ல கேள்வி, என் மாணவி ஒருத்தியும் கேட்டாள். ஸ்ரெரொயிட் சேதத்தோடு துடைப்பையும் நிற்பாட்டும், வைரஸ் நீண்ட நாள் தங்கலாம். பழைய காலத்தில் கொடுத்துப் பார்த்துக் கைவிட்டார்கள். யாராவது மருந்துக்கடையில் தருவதாகச் சொன்னால் வாங்காதீர்கள்.

எங்கள் பரியாரியார் கீழ்க்காய்நெல்லி அரைத்துத் தந்தார், மூன்று கிழமையில் சுகம் வந்துவிட்டது. இதற்கு என்ன சொல்கிறீர்கள்?

சுகம் வந்தது உண்மை, மூன்று கிழமையில் வந்ததும் உண்மை. ஒன்றும் குடிக்காத என் தம்பிக்கும் அவ்வளவு நாளில்தான் வந்தது. ரி கலங்கள் வேலையை முடிக்க எடுக்கும் காலம் அது.

மூலிகையை யாரும் ஆராயவில்லை என்று சொல்லமுடியாது. 1988 இல் சென்னையில் நடந்த ஓர் ஆய்வில், பி வைரஸ் நாட்பட்டுத் தங்கிய 37 பேருக்குக் கீழாநெல்லி வகைச் செடி ஒன்றைக் கொடுத்ததில் 22 பேரின் இரத்தத்தில் வைரஸின் மேற்பரப்புப் புரதம் இல்லாமல் போனதாக எழுதினார்கள். பி வைரஸைக் கண்டுபிடித்து 1976 இல் நோபெல் பரிசு வாங்கிய புளூம்பெர்க் அந்தக் குழுவில் இருந்தார். உலகமே திரும்பிப் பார்த்தது. பிறகு வேறு இடங்களில் செய்தபோது அந்தப் பலன் திரும்பக் கிடைக்கவில்லை. நமது செடி என்ற பாசம் எனக்கும் உண்டு, அது வென்றிருந்தால் சந்தோஷப்பட்டிருப்பேன். குடிக்கத்தான் போகிறீர்கள் என்றால் டொக்டரிடம் ஒளிக்காமல் சொல்லுங்கள், இரத்தப் பரிசோதனையை விடாதீர்கள், உலோகம் சேர்ந்த பஸ்பம் எதையும் தொடாதீர்கள்.

பத்தியம்? எண்ணெய், தேங்காய்ப்பால், மீன் எல்லாம் நிற்பாட்டிவிட்டோம்.

திரும்பக் கொடுங்கள். சண்டை பிடிக்கும் கலமும் புதிதாக வளரும் ஈரலும் புரதத்தில்தான் கட்டப்படுகின்றன. பருப்பு, மீன், முட்டை, இடியப்பமும் சொதியும், ஆள் விரும்பினால் எதுவும் கொடுக்கலாம். பின்னேரம் ஆக ஆகக் குமட்டல் கூடும், அதனால் காலைச் சாப்பாட்டைப் பெரிதாக்குங்கள். கள்ளு, சாராயம் முற்றாக வேண்டாம். பனடோல் (பரசிற்றமோல்) டொக்டர் சொன்ன அளவுக்கு மேல் ஒரு குளிசைகூட வேண்டாம். காய்ச்சலுக்கும் நோவுக்கும் என்று கணக்கில்லாமல் போட்டு ஈரலைக் கெடுத்துக்கொண்டவர்கள் இருக்கிறார்கள்.

செத்த ஈரற்கலங்களுக்குப் பதில் வேறு வருமா?

வரும். எலியின் ஈரலில் மூன்றில் இரண்டு பங்கை வெட்டி எடுத்தாலும் ஒன்றிரண்டு கிழமையில் பழைய அளவுக்கு வளர்ந்துவிடுவதை 1931 லேயே கண்டார்கள். இதிலும் நிர்ப்பீடனக் கலங்களுக்குப் பங்கு உண்டு. செத்த கலங்களை விழுங்கித் துப்புரவாக்கும் அதே கூப்பர் கலங்கள் இன்டர்லூகின் 6 என்ற பொருளைச் சுரந்து, உயிரோடு இருக்கும் ஈரற்கலங்களைப் பிரிவதற்குத் தயாராக்குகின்றன. கடும் ஏ நோய் வந்து தேறியவரின் ஈரல் தழும்பில்லாமல் பழைய நிலைக்கு வருவதுதான் வழமை.

மஞ்சள் போய் ஒன்றரை மாதத்தில் திரும்பவும் வந்துவிட்டது. வேறு தொற்றா?

பெரும்பாலும் அதே தொற்று. ஏ நோயில் சிலருக்கு இப்படி இரண்டாம் முறை கிளம்பும், அதுவும் தானாக அடங்கும். சிம்பன்சிகளில், இரத்தத்தில் வைரஸ் இல்லாமல் போன பிறகும் ஈரலுக்குள் அதன் மரபுப்பொருள் பல மாதம் கிடந்து, சி.டி.4 கலங்களின் கட்டுப்பாட்டில் மெல்ல மெல்லத்தான் மறைந்தது. ஏ நிரந்தரமாகத் தங்குவதில்லை. ஆனாலும் திரும்பக் கிளம்பினால் மறுபடி பரிசோதித்துப் பாருங்கள்.

களைப்பு மட்டும் இரண்டு மூன்று மாதம் இழுத்தால் அது சோம்பல் இல்லை. ஆளை வயலுக்குத் துரத்தாதீர்கள்.

ஒருமுறை வந்தால் பிறகு வராதா? தடுப்பூசி உண்டா?

ஏ திரும்ப வராது, நினைவுக் கலங்களும் பிறபொருளெதிரியும் ஆயுளுக்கும் காக்கும். ஆனால் ஏ வந்தவருக்கு பியோ ஈயோ வரலாம், ஒவ்வொன்றுக்கும் நினைவு வேறு.

பி வந்து தேறியவர்கள் ஒன்றைத் தெரிந்திருக்க வேண்டும். வைரஸின் சிறு சுவடு ஈரற்கலத்தின் கருவுக்குள் தங்கியிருக்கும், ரி கலங்களும் பி கலங்களும் வாழ்நாள் முழுக்க அதை அடக்கி வைத்திருக்கும். பிற்காலத்தில் புற்றுநோய்க்கோ மூட்டுவாதத்துக்கோ நிர்ப்பீடனத்தைக் குறைக்கும் மருந்து தொடங்கினால் அது எழும்பலாம். டொக்டரிடம் மறக்காமல் சொல்லுங்கள்.

பி தடுப்பூசி 2003 இலிருந்து படிப்படியாக இலங்கையின் தேசியத் திட்டத்துக்குள் வந்தது, 2008 முதல் குழந்தைகளின் ஐந்து நோய்த் தடுப்பூசிக்குள் சேர்ந்திருக்கிறது. அதற்கு முன் பிறந்த நம்மில் பலர் போடாதவர்கள். ஏ தடுப்பூசி தனியாரிடம் போடலாம். வீட்டில் ஒருவருக்கு வந்தால் மற்றவர்கள் இரண்டு கிழமைக்குள் போட்டாலும் பலன் உண்டு, ஏனென்றால் நோய் கிளம்ப நாலு கிழமை எடுக்கிறது, தடுப்பூசி கலங்களை அதற்கு முன் எழுப்பிவிடுகிறது.

வீட்டில் ஒருவருக்கு வந்துவிட்டது. கிணற்றை என்ன செய்வது?

அவர் மஞ்சளாக முன்னரே ஒன்றிரண்டு கிழமை வைரஸைப் பரப்பிவிட்டார், அதனால் அவரை மட்டும் ஒதுக்கிவைத்துப் பலனில்லை. பி.எச்.ஐ.க்கு (பொதுச் சுகாதாரப் பரிசோதகர்) சொல்லுங்கள், கிணற்றுக்குக் குளோரின் போடும் அளவை அவர் பார்த்துச் சொல்வார். குழிக் கக்கூசு கிணற்றுக்குக் கிட்ட இருந்தால் அதையும் காட்டுங்கள். மாரி வெள்ளம் வடிந்த பிறகு இது இன்னும் முக்கியம். குடிக்கும் தண்ணீர் நன்றாகக் கொதித்து ஆறட்டும். 85 பாகை செல்சியசில் ஒரு நிமிடத்தில் ஏ வைரஸ் செயலிழந்துவிடும், சும்மா வெதுவெதுப்பாக்கினால் சாகாது. கைக்குச் சவர்க்காரம் போட்டு ஓடும் தண்ணீரில் கழுவுவதுதான் சரி, கைக்குப் பூசும் அற்ககோல் ஜெல் இந்த வைரஸை அவ்வளவு நம்பிக்கையாகக் கொல்லாது. முகாமில் நாங்கள் ஒரு வாளித் தண்ணீருக்கு வரிசையில் நின்றோம், கொதிக்கவைக்க விறகும் இல்லை. இன்று விறகும் காஸும் இருக்கிற வீட்டில், கேத்திலை அடுப்பில் வைக்க அந்த ஐந்து நிமிடத்தை எடுங்கள்.